ஆந்தைக் குஞ்சும் ஐந்து மீட்டரும்



"என்னடா ஆந்தை முழி முழிக்கிறே?" என்று லேபில் திட்டு வாங்காத டிப்ளமோ மாணவர் நம்மில் யாராவது உண்டா? வைவாவில் பதில் தெரியாமல் நாம் நிற்கும் நிலைக்குப் பாவம், ஆந்தையின் பெயரை வைத்துவிட்டார்கள். அந்த ஆந்தையின் குஞ்சுகளைப் படம் பிடிக்கப் போய், நான் நிஜமாகவே முழித்த கதைதான் இது. கதையோடு கொஞ்சம் கேமராவும் கொஞ்சம் கணக்கும் வரும். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எம்-1 பேப்பர் அளவுக்குக் கஷ்டம் இல்லை!

வெள்ளாற்றங்கரை மொட்டைப் பனை

எனக்குச் சொந்த ஊர் புவனகிரி. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறேன். முதலாமாண்டு படித்தபோது, மார்ச் மாதம். சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து நின்ற நேரம். ஆற்றங்கரை ஓரம் தலை போன மொட்டைப் பனை ஒன்று உண்டு. அதன் பொந்தில் மூன்று ஆந்தைக் குஞ்சுகள் இருப்பதை என் நண்பன்தான் முதலில் பார்த்தான். மரத்தடியில் வெள்ளை வெள்ளையாக எச்சம் கிடந்தது. கூடவே வண்டு ஓடும் சிறு எலும்பும் கலந்த உருண்டைகள். ஆந்தை தன்னால் செரிக்க முடியாத ஓடு, எலும்பு, மயிர் ஆகியவற்றை உருண்டையாகக் கக்கிவிடும். எச்சமும் இந்த உருண்டையும் ஒரே இடத்தில் கிடந்தால் மேலே ஆந்தை குடியிருக்கிறது என்று அர்த்தம்.

அது புள்ளி ஆந்தை. மைனாவை விடக் கொஞ்சம் குண்டு, முழு வளர்ச்சியில் சுமார் 21 செ.மீ. நம் ஊர்ப்பக்கம் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஆந்தை இதுதான். இன்னொன்று கூகை, வெள்ளை முகம், இதய வடிவம், சுமார் 35 செ.மீ. பாழடைந்த கட்டடம், கோயில் கோபுரம், பழைய கிணறு என்று குடியிருக்கும். மூன்றாவது கொம்பன் ஆந்தை. தலையில் இரண்டு கொம்பு மாதிரி இறகு, அரை மீட்டர் உயரம். பாறை இடுக்கிலும் செம்மண் ஓடைச் சரிவிலும் தரையிலேயே முட்டையிடும். புதுச்சேரி சுற்று வட்டாரத்தில் இந்தக் கொம்பன் ஆந்தையின் குஞ்சுகள் வளரும் விதத்தை எரிக் ராமானுஜம் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் கவனித்து எழுதியிருக்கிறார். அதாவது நமக்கு ரொம்ப தூரத்தில் நடக்கிற விஷயம் இல்லை இது.

என் பாட்டிக்கு எல்லாமே 'சாக்குருவி'தான். "அது பக்கம் போவாதடா, வூட்டுக்கு ஆகாது" என்றார். நான் கேட்கவில்லை. சித்தப்பா மகனிடம் ஒரு பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா இருந்தது, 300 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸோடு. வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

'போஸ்' என்று நினைத்தது

முதல் நாள் இருட்டிய பிறகு போனோம். இருட்டில்தானே ஆந்தை வரும்? பனையிலிருந்து ஐந்து மீட்டரில் நின்று டார்ச் அடித்து, பிளாஷ் போட்டு இருபது முப்பது படம் எடுத்தோம். குஞ்சு ஒன்று சிறகை விரித்து உடம்பை உப்பிக்கொண்டு, அலகை 'டக் டக்' என்று தட்டியது. "சூப்பர் போஸ்டா!" என்றான் நண்பன். தாய் ஆந்தை எதிரே கரண்ட் கம்பியில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. "டான்ஸ் ஆடுதுடா" என்று சிரித்தோம்.

அது டான்ஸ் இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மிரண்ட புள்ளி ஆந்தை எதிராளியைப் பார்த்து அப்படித்தான் தலையை ஆட்டும். குஞ்சு உடம்பை உப்புவதும் அலகைத் தட்டுவதும் "கிட்டே வராதே" என்ற மிரட்டல். ஆந்தையின் கண் நம் கண் மாதிரி உருண்டை இல்லை, குழாய் வடிவம். குழிக்குள் அசையாது. அதனால்தான் நேரே பார்த்து முழிக்கிறது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் தலையையே திருப்ப வேண்டும். நமக்குக் கழுத்தெலும்பு 7, ஆந்தைக்கு 14. சுமார் 270 டிகிரி வரை திருப்பும். எங்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் அந்தத் தாய் ஒரு மணி நேரம் கம்பியிலேயே இருந்தது என்றால், ஒரு மணி நேரம் அது இரை தேடப் போகவில்லை என்று பொருள். குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தையும் மொபைலில் ரெக்கார்ட் செய்தோம்!

இரவே படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இடம் எங்கே மச்சி?" என்று கேட்டார்கள். சொன்னேன். மறுநாள் சாயந்திரம் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மொபைல். எல்லோரும் மரத்தடியிலேயே நின்றோம். ஒருவன் பனையைத் தட்டியும் பார்த்தான்.

மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது இரண்டு குஞ்சுகள் கீழே கிடந்தன. ஒன்றைக் காக்கைகள் கொத்திக் கொன்றுவிட்டிருந்தன. மற்றது தட்டைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. பகலில் கூகையைக் காகம் வென்றுவிடும் என்ற செய்தி திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்திலேயே வருகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

பெரியவர் சொன்னது

குஞ்சைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாம் என்று எடுத்துவிட்டேன். உளுந்து வயலில் நின்ற பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்.

"ஏம்பா, அது என்ன அநாதையா, எடுத்துக்கிட்டுப் போற?"

"காக்கா கொத்திடும் தாத்தா..."

"காக்கா கண்ணுல படாத எடத்துல வையி. அந்த வேப்பமரக் கவட்டையில வச்சிட்டுத் தள்ளிப் போங்க. புள்ளைங்க சோறு தின்ற நேரத்துல வூட்டு வாசல்ல டார்ச் அடிச்சிக்கிட்டு நின்னா ஆத்தாகாரி எப்படிப்பா உள்ள வருவா?"

அப்படியே செய்தோம். ரொம்ப தூரத்தில், வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தோம். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் வேப்பமரத்திலிருந்து 'சிர்ர் சிர்ர்' என்ற சத்தமும், பதிலுக்குத் தாயின் குரலும் கேட்டன. குஞ்சுக்கு இரை வந்துவிட்டது.

பெரியவர் அனுபவத்தில் சொன்னதைத்தான் பறவை நூல்களும் சொல்கின்றன. ஆந்தைக் குஞ்சுகள் முழுதாகப் பறக்கப் பழகும் முன்பே பொந்தை விட்டு வெளியே வந்து கிளையில் உட்காரும். கொம்பன் ஆந்தைக் குஞ்சு நடந்தே கூட்டை விட்டுப் போகும். அப்போதும் தாய் தந்தை தேடி வந்து ஊட்டும். எனவே வெளியே தனியாக இருக்கும் குஞ்சு எல்லாம் அநாதை இல்லை. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் உண்மை இல்லை. காயம் இல்லாத குஞ்சு என்றால் பக்கத்துக் கிளையில் பத்திரமாக வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு விஷயம். ஆந்தை முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க ஆரம்பித்துவிடும். ஆகவே குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. ஒரே பொந்தில் மூத்தது, நடு, கடைக்குட்டி என்று வயசு வித்தியாசம் இருக்கும். இரை குறைந்தால் பெரியது பிடுங்கித் தின்றுவிடும். கடைக்குட்டிதான் முதலில் பட்டினி. நாம் தடுக்கும் ஒரு மணி நேரம் யாருடைய கணக்கில் எழுதப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் பாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். "சாக்குருவி கத்தினா ஆளுக்கு ஆகாதும்பாங்க. இப்ப ஆளு போயி குருவிக்கு ஆகாம போச்சே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. முழித்தேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி விஷயத்துக்கு வருவோம். ஐந்து மீட்டரில் போய் நிற்கத்தான் வேண்டுமா? முதலிலேயே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அந்தக் குஞ்சு பிழைத்திருக்கும்.

கேமராவுக்குள் விழும் பிம்பத்தின் அளவு = லென்ஸின் குவியத் தூரம் × பொருளின் உயரம் ÷ பொருள் இருக்கும் தூரம். (பொருள் தூரத்தில் இருக்கும்போது இந்த எளிய சூத்திரம் போதும்.)

ஓரளவு வளர்ந்த குஞ்சின் உயரம் 15 செ.மீ., அதாவது 150 மி.மீ. லென்ஸ் 300 மி.மீ. தூரம் 15 மீட்டர், அதாவது 15,000 மி.மீ.

300 × 150 ÷ 15,000 = 3 மி.மீ.

எங்கள் கேமராவின் சென்சார் உயரம் சுமார் 15.6 மி.மீ. அதில் 3 மி.மீ. என்றால் ஐந்தில் ஒரு பங்கு. "இவ்வளவு சின்னதா?" என்று தோன்றும். ஆனால் 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த 15.6 மி.மீ.க்குள் 4,000 புள்ளிகள் இருக்கின்றன. அப்படியானால் குஞ்சு மட்டும் சுமார் 770 புள்ளி. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை. 770-ஐ 300-ஆல் வகுத்தால் இரண்டரை அங்குலம், அதாவது ஆறரை செ.மீ. நம் மலரில் ஒரு பத்தியில் கச்சிதமாக உட்காரும். மொபைலில் பார்ப்பதற்குத் தாராளம்.

ஆக, 15 மீட்டரே போதும். ஐந்து மீட்டருக்குப் போனால் பிம்பம் 9 மி.மீ. ஆகும், வாஸ்தவம்தான். அதற்கு விலை கொடுப்பது குஞ்சு.

மொபைலுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். மொபைல் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சுமார் 5 மி.மீ.தான். 5 × 150 ÷ 15,000 = 0.05 மி.மீ. வெறும் புள்ளி! அதனால்தான் மொபைல் வைத்திருப்பவர் தன்னையும் அறியாமல் மரத்தடி வரைக்கும் போகிறார். மொபைல்தான் இருக்கிறது என்றால் ஆந்தைக் குஞ்சை விட்டுவிட்டு, எச்சம், உருண்டை, மரம், அந்தி வானம் இவற்றை எடுங்கள். அவையும் நல்ல படங்களே. கவனம், குஞ்சுகள் உள்ளே இருக்கும்போது உருண்டையைப் பொறுக்கவும் மரத்தடிக்குப் போகாதீர்கள்.

15 மீட்டர் என்பது வேதவாக்கும் அல்ல. 15 மீட்டரிலேயே தாய் தலையை ஆட்டினால் இன்னும் பின்னால் போக வேண்டும். தூரத்தை முடிவு செய்வது டேப் இல்லை, பறவைதான்.

வெளிச்சமும் சத்தமும்

பிளாஷ் எதற்கு வேண்டாம்? தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் ஒளி குறையும் என்று பிசிக்ஸில் படித்தோம். 15 மீட்டரில் விழும் ஒளி 1 பங்கு என்றால், அதே பிளாஷ் 5 மீட்டரில் 9 பங்கு. மங்கிய ஒளிக்கென்றே அமைந்த, இருட்டுக்குப் பழகி விரிந்திருக்கும் கண்ணில் அது விழுகிறது. ராத்திரி ரோட்டில் எதிரே லாரி ஹைபீம் போட்டால் நாம் என்ன ஆகிறோம்? அடுத்த சில நொடி குருடுதான். இரை பிடிக்க வேண்டிய பறவைக்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது.

பிளாஷ் இல்லாமல் முடியுமா? முடியும். புள்ளி ஆந்தை நடு ராத்திரி வரை காத்திருப்பதில்லை. பொழுது சாயும்போதே பொந்து வாசலுக்கு வந்துவிடும். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னும், மறைந்த பிறகு பத்து நிமிடமும் நமக்குரிய நேரம். நான் பின்பற்றும் அளவு இது: ஐ.எஸ்.ஓ. 3200, துளை எஃப் 5.6, வேகம் 1/125 நொடி. ஒளி இன்னும் குறைந்தால் 1/60. டிரைபாட் கட்டாயம். கையில் பிடித்தால் 300 மி.மீ. லென்ஸ் ஆடும். ஷட்டரைக் கையால் அமுக்காமல் இரண்டு நொடி டைமரில் விடலாம். ஆந்தை பொம்மை மாதிரி அசையாமல் உட்காரும் என்பதால் இந்த வேகம் போதும். ஒளி போய்விட்டதா? மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். இருட்டிய பிறகான நேரம் அவர்களுடைய சாப்பாட்டு நேரம்.

கேமராவின் 'பீப்' ஒலியையும், போகஸ் செய்ய உதவும் குட்டி விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஆந்தைகளின் காது லேசுப்பட்டதல்ல. கூகைக்கு இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒலி இரு காதுக்கும் வந்து சேரும் வித்தியாசத்தைக் கொண்டு முழு இருட்டிலும் எலி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். ரோஜர் பெய்ன், மசகாசு கொனிஷி ஆகிய விஞ்ஞானிகள் சோதனை செய்து நிரூபித்த உண்மை இது. அதன் வீட்டு முன்னால் நாம் ரிங்டோன் போட்டால் எப்படி?

இரண்டு படக்காரர்கள்

இங்கிலாந்தில் எரிக் ஹாஸ்கிங் (1909–1991) என்ற பறவைப் புகைப்படக்காரர் இருந்தார். 1937இல் வேல்ஸ் பகுதியில் ஆந்தைக் கூடு ஒன்றைப் படம் பிடிக்க மறைவிடம் அமைத்து, இருட்டில் ஏறப் போனபோது, தாய் ஆந்தை சத்தமில்லாமல் பறந்து வந்து முகத்தில் அடித்தது. இடது கண் போய்விட்டது. அவர் தொழிலை விடவில்லை. எலியைக் கவ்விக்கொண்டு சிறகு விரித்து வரும் கூகையை 1948இல் அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. குஞ்சுள்ள ஆந்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவர் கண்ணே சாட்சி.

நம் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படம். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைத் தயாரித்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். 1950 முதல் சாகும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர், தமிழிலும் எழுதினார். அவர் காலத்து ஃபிலிம் ரோலில் எண்ணி எண்ணித்தான் படம் எடுக்க முடியும். முதலில் பார்க்க வேண்டும், பிறகு புரிந்துகொள்ள வேண்டும், அதற்கப்புறம்தான் பட்டன். நமக்கு மெமரி கார்டில் ஆயிரம் படம் கொள்ளும். பார்ப்பதற்கு முன்பே பட்டனை அமுக்கிவிடுகிறோம்.

இடத்தைச் சொல்லாதீர்கள்

என் இரண்டாவது தப்பு, இடத்தைச் சொன்னது. நம் நாட்டில் ஆந்தையைப் பிடித்து விற்கும் கள்ள வியாபாரம் உண்டு. மாந்திரீகம், பூஜை என்று சொல்லி, குறிப்பாகத் தீபாவளியையொட்டி வட மாநிலங்களில் நடக்கிறது. டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010இல் இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. சாக்குருவி என்று கல்லெறிகிறவர்களும் இருக்கிறார்கள். மொபைலில் 'லொகேஷன்' ஆன் செய்து எடுத்தால் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்துவிடும். அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் பறந்து போன பிறகு படத்தை வெளியிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

விவசாயி வீட்டுப் பிள்ளைகள் நம்மில் நிறைய பேர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள், கூகை கக்கிய உருண்டைகளைப் பிரித்துப் பார்த்து, அதன் முக்கிய உணவு எலிதான் என்று காவிரிப் படுகையிலேயே கண்டறிந்திருக்கிறார்கள். புள்ளி ஆந்தை வண்டு, பூச்சி, சுண்டெலி தின்கிறது. வயலில் 'டி' மாதிரி குச்சி நட்டு வைப்பது எதற்கு? இவர்கள் வந்து உட்காரத்தான். சம்பளம் வாங்காத காவல்காரர்கள்!

மறு வருஷம்

அடுத்த மார்ச் மாதம் அதே பனையில் மறுபடியும் ஆந்தை குடியிருந்தது. நானும் நண்பனும் மட்டும் போனோம். சர்வே பிராக்டிகலில் பழகிய கண் அளவிலேயே தூரத்தைக் குறித்துக்கொண்டு, உளுந்து வயல் வரப்பில் தென்னை ஓலைத் தட்டி ஒன்றை நட்டோம். அன்றைக்குப் படம் எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, ஆந்தை தட்டிக்குப் பழகிய பிறகு, பின்னால் போய் உட்கார்ந்தோம். கொசுக்கடி தாங்கவில்லை. ஆறு மணி தாண்டியதும் தாய் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து, வாயிலிருந்த வெட்டுக்கிளியைக் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. நான்கு படம் எடுத்தேன். பொழுது போனதும் எழுந்து வந்துவிட்டோம்.

மலர்க் குழு நண்பர்கள் இந்தக் கட்டுரையோடு போட என்னிடம் கேட்டது அந்த முதல் வருஷப் படம். பெரிசாக, பளிச்சென்று, சிறகை விரித்துக்கொண்டு இருக்குமே, அது. நான் கொடுத்தது இரண்டாவது வருஷப் படம். கொஞ்சம் மங்கல்தான். குஞ்சு சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அது எங்களைப் பார்க்கவில்லை, தன் அம்மாவைப் பார்க்கிறது.

நண்பர்களே, நீங்களும் கேமராவோடு கிளம்பினால் பத்து மீட்டர் பின்னால் நில்லுங்கள். நான் ஐந்து மீட்டரில் நின்று பார்த்துவிட்டேன். அது போதும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
அமைப்பியல் துறை